ஐந்தாவது தலையணை

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால், "என்னப்பா, நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்கிறார்கள். நம்பர் ஒன்றும் அடிக்கவில்லை. கைதான் என்னை அடித்துப் போட்டது.

பத்து வருஷத்துக்கு மேல் அரசாங்க கிளினிக்கில் உதவி மருத்துவ அதிகாரியாக இருந்தேன். ஜனங்கள் வாயில் அது 'எம்.ஏ.' பழைய தோட்டத்து ஆட்களுக்கு இன்னமும் காயத்துக்குக் கட்டுப் போடுகிற 'டிரஸர்'. அதில் பெரும்பகுதி தோல் நோய்ப் பிரிவில் கழிந்தது. ரப்பர் கையுறையில் சேர்க்கிற ஏதோ ஒரு ரசாயனம் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. வேறு வகைக் கையுறைகளை மாற்றிப் பார்த்தோம். அவற்றிலும் அதே சரக்கு இருக்கிறதாம். கடைசியில் மருத்துவ வாரியம் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. லாயாங் லாயாங் பக்கம் தலைமுறை தலைமுறையாக ரப்பர் மரம் சீவிய குடும்பம் எங்களுடையது. அத்தனை பேருக்கும் ரப்பர்தான் சோறு போட்டது. படித்து உத்தியோகத்துக்குப் போன முதல் ஆளை அதே ரப்பர் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது. அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் கிளினிக்கிலிருந்து ஹரீஷ் வீட்டுக்கு வந்திருந்தான். என் இடத்துக்கு வந்தவன். கெட்டிக்காரப் பையன்.

"அண்ணே, இப்பல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாக்கிறதே கொறஞ்சு போச்சுண்ணே. போட்டோ எடுத்து போன்ல அனுப்பிடுறாங்க. டாக்டர் பாத்துட்டு மருந்து எழுதிடுறாங்க. ஈசி லா. நீங்க ஏன் வெயில்ல மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு மாசாய்க்கும் தெப்ராவுக்கும் அப்படி அலைஞ்சீங்க?"

வாயால் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைப்பான். "எழுதித் தரேன்டா" என்றேன். இது அவனுக்கும், அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் வீட்டில் விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலேயே எதையும் விடாமல் மனப்பாடம் செய்தேன். எலும்பு, இதயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் அடுத்துக் கடைசியாகத் தோல் வந்தது. "தோல் நோயில் யாரும் சாவதில்லை, யாரும் குணமாவதும் இல்லை" என்று கல்லூரியில் ஒரு கிண்டல் உண்டு. அந்தக் கிண்டலை நம்பித்தான் நான் அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினேன். அமைதியான வேலை என்று நினைத்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் மைமூன். ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து சாப்பாட்டுக்கடை வைத்த குடும்பத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. ஆனால் அவர் அறைக்குள் வந்தால் எல்லோரும் தானாகவே நிமிர்ந்து உட்காருவோம். அவர் நோயாளியைப் பார்க்கிற விதமே தனி. முதலில் கை குலுக்குவார், வெறும் கையால். குலுக்கிய கையை விடமாட்டார். "எங்கேருந்து வரீங்க? சாப்பிட்டீங்களா?" என்று பேசிக்கொண்டே அந்தக் கையை மெல்லத் திருப்புவார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, நகம், உள்ளங்கை எல்லாம் பார்த்து முடிந்திருக்கும். நோயாளிக்குத் தன்னைப் பரிசோதித்தார்கள் என்றே தெரியாது. அப்புறம்தான் வெளிச்சம், பூதக்கண்ணாடி, கையுறை. அவர்கள் எழுந்து வெளியே போய்க் கதவு சாத்தின பிறகே சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஒரு தடவைகூட அவர்கள் கண்முன்னால் கழுவி நான் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. தொற்றுகிற நோய் என்று தெரிந்தால் "வீட்டில் எத்தனை பேர்?" என்று அவர் கேட்கமாட்டார். "எத்தனை தலையணை இருக்கு?" என்றுதான் கேட்பார். மாசாயில் தொழிற்சாலை ஆட்கள் இருக்கிற அடுக்குமாடிகளில் பகல் வேலைக்காரன் எழுந்த மெத்தையில் இரவு வேலைக்காரன் படுப்பான். எத்தனை பேர் என்று கேட்டால் வீட்டுக்காரருக்கும் வேலை பெர்மிட் பிரச்சினைக்கும் பயந்து குறைத்துச் சொல்வார்கள். தலையணையைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் 'எத்தனை பேர்' என்றே கேட்டுவந்தேன், பாரத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

கிளினிக்கின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை உண்டு. அதைத்தான் புற ஊதா விளக்குக்கு வைத்திருந்தோம். கதவைச் சாத்தி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நிற்க வேண்டும். வெளியே நம்பர் கூப்பிடுகிற சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் மூச்சு விடுவது மட்டும் தெரியும், ஆள் தெரியாது. விளக்கைப் போட்டதும் முதலில் பல் தெரியும். சட்டையில் ஒட்டின பஞ்சுத் தூசி மின்னும். அப்புறம் தோல் தானாகப் பேச ஆரம்பிக்கும்: வெண்புள்ளி பால் நீலமாகப் பளிச்சென்று எரியும், தேமல் மங்கின மஞ்சளாக மினுங்கும்.

ஒரு லாரி டிரைவர், மலைபோல ஆள், நெஞ்சில் லேசாகத் தேமல் என்று வந்தார். விளக்கைப் போட்டேன். கழுத்திலிருந்து இடுப்புவரை மஞ்சள் தீவு தீவாக எரிந்தது.

"அலமாக்! தம்பி, அணை, அணை! என் மேல எவனோ மேப் போட்டு வச்சிருக்கான்!"

தேமல் அவ்வளவுதான். நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிற காளான், வேர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் தழைக்கிறது. காளான் மருந்து கலந்த ஷாம்பூவை உடம்பில் தேய்த்துச் சில நிமிஷம் விட்டுக் கழுவினால் அடங்கும். நிறம் திரும்ப மாதக்கணக்காகும், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்படக்கூடாது. அவரிடம் இத்தனையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வெளிச்சத்துல இது இல்ல தானே?"

அந்தக் கேள்வியை நான் பிறகும் பலர் வாயில் கேட்டேன். தோல் மனிதர்களைப் பயமுறுத்துகிற மாதிரி இதயம்கூடப் பயமுறுத்துவதில்லை. தெப்ராவ் பக்கம் ஒரு தங்குவிடுதியில் வரிசையாக ஆட்கள் முதுகிலும் கழுத்திலும் சவுக்கால் அடித்த மாதிரி கோடு கோடாகச் சிவந்து எழுந்தார்கள். ஒருவனுக்கு மடக்கின முழங்கையின் இரண்டு பக்கமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே காயம். காளி அடிக்கிறாள் என்று கட்டிலுக்குக் கட்டில் திருநீறு பூசியிருந்தார்கள். அது செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற ஒரு சின்ன வண்டு. எறும்பு மாதிரி இருக்கும். தூக்கத்தில் நசுக்கித் தேய்த்தால் அதன் நீர் பட்ட வழியெல்லாம் ஒருநாள் கழித்து வெந்துபோகும். நசுக்காமல் ஊதித் தள்ள வேண்டும், பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஜன்னல் பக்க விளக்கை அணைக்க வேண்டும். சொன்னேன். ஜன்னலுக்கு வலை போட்டதும் காளியும் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வண்டு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஸ்டெல்லா அக்கா வந்தார்.

மாசாயில் அடுக்குமாடி வீடு. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. கணவருக்குப் பாசிர் கூடாங்கில் ஷிப்டு வேலை. அக்கா வந்தபோது கடைசிப் பெண் ஏஞ்சலைக் கையோடு கூட்டிவந்திருந்தார். பாலர் பள்ளிக்குப் போகிற வயது. இரண்டு பேருக்கும் விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளம். ராத்திரியானால் அரிப்பு தாங்கவில்லை.

சிரங்குதான். தோலுக்கடியில் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிற ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. மருந்து சுலபம், கட்டுப்பாடுதான் கஷ்டம். வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரிக்கிறவர் அரிக்காதவர் என்று பாராமல், ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் விரல்வரை மருந்து பூச வேண்டும். காலையில் குளித்துவிட்டு, போர்வை உறையெல்லாம் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், அதற்காகத் திரும்பத் திரும்பப் பூசக்கூடாது.

"வீட்டுல எத்தனை பேருக்கா?"

அக்காவின் கை ஏஞ்சலின் தலைமேல் போய் உட்கார்ந்தது. "நாலு பேரு சார்."

நாலு பேருக்கு மருந்து கொடுத்தேன்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். பழைய அரிப்பு இல்லை, புதுக் கொப்புளம். ஒழுங்காகப் பூசினீர்களா என்று கேட்டேன். பூசினோம். துவைத்தீர்களா? துவைத்தோம். எத்தனை பேர்? கை பிள்ளை தலைக்குப் போயிற்று. "நாலு பேரு." மூன்றாம் தடவை வந்தபோது மருந்தை வாங்கிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பி நின்றார்.

"தம்பி, கூட ஒரு பாட்டில் கெடைக்குமா?"

"ஆளுக்கு ஏத்த மாதிரிதான்க்கா குடுக்க முடியும். வேற யாராவது இருக்காங்களா?"

அவர் வாயைத் திறந்தார்.  பிள்ளையின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருந்தார். ஏஞ்சல், "மா, வலிக்குதும்மா" என்றது. அக்கா போய்விட்டார்.

நான் டாக்டரிடம் சொன்னேன். நாலாம் தடவை டாக்டரே பார்த்தார். கை குலுக்கினார், விடவில்லை. மணிக்கட்டில் பேனா மையைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காட்டினார். மேலே இருந்த மை போய்விட்டது. தோலுக்குள் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு வளைந்து வளைந்து நின்றது.

"பாருங்க ஸ்டெல்லா. இது போன மாசத்துப் பூச்சி இல்ல. புதுசா குடி வந்திருக்கு. உங்க மேல தப்பு இல்ல, நீங்க சரியாத்தான் பூசறீங்க." பிறகு சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில், "வீட்டுல எத்தனை தலையணை இருக்கு?"

 அக்காவின் கை பிள்ளையின் தலையை விட்டு மெல்ல இறங்கி மடிக்கு வந்தது.

"அஞ்சு."

"நாலு பேருக்கு அஞ்சு தலையணையா? அஞ்சாவது யாருக்கு?"

"தலையணைதான கேட்டீங்க டாக்டர்." அக்கா ஏஞ்சலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சொல்லிட்டேன்."

டாக்டர் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் போனதும் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இளங்கோ, அந்த வீட்டுல இன்னொரு ஒடம்பு இருக்கு. நாளைக்கு நீ போ. எதுவும் கேக்காத. போய் நில்லு, போதும்."

மறுநாள் முற்பகலில் போனேன். புகைமூட்ட நாள். வெயில் மஞ்சளாக, நிழல் விழாமல் இருந்தது. லிப்டு வேலை செய்யவில்லை. மாடிப்படியில் அதே அடுக்கில் இருக்கிற பாக்கியம் அக்கா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டதும் முதலில் என் பையைப் பார்த்தார்.

"கிளினிக்கா? ஸ்டெல்லா வூட்டுக்கா? பாத்து போ தம்பி. பையில ஏதும் சாமி படம் வச்சிருக்கியா?"

"ஏன்க்கா?"

"அவ அண்ணன் சவரி இருந்தான்ல, கப்பல் பட்டறையில வெல்டிங் வேல. மூஞ்செல்லாம் ஊதிப்போயி, நடக்க முடியாம கெடந்தான். ஒரு நாளு ராவுல வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு. அப்புறம் ஆளையே காணோம். செத்துட்டானான்னு கேட்டா அவ பதில் சொல்ல மாட்டா, அழுவா. அவுங்க வேதக்காரவுங்க, எந்த மாதா கோயில்ல வச்சு எடுத்தாங்களோ." அவர் குரலைத் தாழ்த்தினார். "பட்டப்பகல்ல, ஊடு பூட்டிக் கெடக்கிறப்ப, உள்ளார சத்தம் கேக்குது தம்பி. மரத்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. சர்ர்... சர்ர்னு. நானே கேட்டேன். பொய் சொன்னா என் நாக்கு அழுவிப் போவும்."

ஸ்டெல்லா அக்கா வீட்டுக் கதவு நான் தட்டுமுன்பே திறந்தது. காத்திருந்திருக்கிறார். வீடு பளிச்சென்று இருந்தது. மாதா படம், மெழுகுவத்தி, டெட்டால் வாசம். கொடியில் போர்வைகள். சமையலறைக்குப் போகிற வழியில் மூடின ஒரு கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் தரையில், அரிசி மாவு சிந்தின மாதிரி வெள்ளையாக ஏதோ. அதன் பக்கத்தில் மூடி வைத்த ஒரு தட்டு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, நான் கீழ கடைக்குப் போறேன். பால் வாங்கணும்." செருப்பை மாட்டினார். என்னைப் பார்க்காமல் அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வூட்டுக்குள்ள எந்தக் கதவுக்கும் பூட்டு இல்ல."

அவர் படியிறங்குகிற சத்தம் தேய்ந்தது. யாருமில்லாத வீட்டில் நான் தனியாக நின்றேன். அப்போதுதான் அது கேட்டது. சர்ர். கொஞ்சம் இடைவெளி. சர்ர். நான் படித்தவன், பேய் பிசாசு நம்பாதவன். இருந்தாலும் வந்த வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கையுறையை மாட்டினேன். அந்த வெள்ளைப் பொடியைக் குனிந்து பார்த்தேன். மாவு இல்லை. தோல் செதில்.

கதவைத் தள்ளினேன். ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. இருட்டில் ஒரு மெத்தை, அதன்மேல் ஐந்தாவது தலையணை, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையை விரிப்பில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில், பழைய மரப்பட்டை மாதிரி தடித்து வெடித்த கை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின மாதிரி இருந்தன. முழங்கையில், காதில், நெற்றியில் அதே பட்டை. அவர் அசைந்தபோதெல்லாம் செதில் உதிர்ந்தது.

"வண்டி வந்திருச்சா?" என்றார்.

"இல்லண்ணே. நான் மோட்டார்ல வந்தேன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போல. தலையை ஆட்டினார். "கிட்ட வராத. இது அந்த நோயி. எங்கப்பாவுக்கும் இதான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். லாயாங் லாயாங் பக்கம் தோட்டத்தில் அப்பாவுக்குப் பெருநோய், தொழுநோய். ஒரு நாள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சவரி அண்ணன் சின்னப் பிள்ளை, வேன் பின்னால் ஓடியிருக்கிறார். ஸ்டெல்லா அப்போது வயிற்றில். அப்பா திரும்பவே இல்லை. எந்த இடம் என்றுகூட அம்மா சொல்லவில்லை. பெரியவராகி, முட்டி வலிக்கு பாசார் மாலாம் ராச்சந்தையில் வாங்கின ஜாமு என்கிற நாட்டு மருந்து மாத்திரையை வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறார். முகம் ஊதி, கால் ஓய்ந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நாலு நாளில், ஓர் அதிகாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் எழுந்திருக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் தோல் இப்படிப் பட்டை கட்டியிருக்கிறது. தங்கச்சியைக் கூப்பிட்டு, அண்ணன் இங்கே இருக்கிறதை எவனிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். சத்தியம் தப்பினால் பிள்ளைக்கு ஆகாது.

"அரிக்குதாண்ணே?"

"அதான் சொல்றனே. அரிப்பே இல்ல. உணர்ச்சி செத்துப் போச்சு. எங்கப்பாவும் கொள்ளிக்கட்டைய வெறுங்கையில எடுப்பாரு."

 ஜாமு மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு, அது உடம்பின் காவலைக் கலைத்துவிடும். காவல் போன உடம்பில் சிரங்கு இப்படிப் பட்டை கட்டிப் பெருகும், சிலருக்கு அரிக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்குப் பெருநோய் இருந்ததும் நிஜம். இரண்டில் எது என்று அந்த இருட்டில் என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் மைமூன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். மேலங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். ஆனால் நுழைந்ததும் கையை நீட்டினார். சவரி அண்ணன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குடுங்கண்ணே. எனக்குக் கை வலிக்குதுல்ல?"

குலுக்கினார். விடாமல் பிடித்துக்கொண்டு, முழங்கைக்குப் பின்னால் ஓடுகிற, பெருநோயில் தடித்துப்போகிற நரம்பைத் தடவிப் பார்த்தார். பட்டையிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி என்னிடம் கொடுத்தார். பிறகு பையிலிருந்து பஞ்சை எடுத்து நூலாகத் திரித்தார்.

"கண்ண மூடுங்க. நான் தொடற எடத்த விரல் வச்சுக் காட்டணும். தொடலன்னா பேசாம இருக்கணும்."

வாசலில் ஸ்டெல்லா அக்கா பால் டின்னோடு நின்றார். உள்ளே வரவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

பட்டை இல்லாத இடமாகப் பார்த்து, உள்ளங்கைக்கு மேலே, பஞ்சு பட்டதும் படாததுமாகத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை.  பிறகு அவருடைய மற்றொரு மரக்கை மெல்ல எழுந்து, தவறாமல் அதே இடத்தில் வந்து நின்றது. தோள். காட்டினார். தொடை. காட்டினார். பாதத்தின் மேல்பக்கம். காட்டினார். டாக்டர் பஞ்சைக் காற்றிலேயே நிறுத்திக் காத்திருந்தார்.

"இப்பத் தொடலயே" என்றார் சவரி அண்ணன், கண் மூடியபடி.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். "உங்க அப்பாவுக்கு இருந்தது இது மாதிரி தெரியல. வார்டுல இன்னொரு தடவ சோதிச்சு உறுதியாச் சொல்வாங்க. இது சிரங்குண்ணே. வெறும் சிரங்கு, கூட்டமா குடி வந்திருக்கு. மாத்திரை இருக்கு, பூச மருந்து இருக்கு. அப்படியே அந்த நோயா இருந்தாலும் இன்னிக்கு அதுக்கும் மாத்திரைதான். யாரையும் எங்கேயும் கொண்டுபோய் வைக்கிறதில்ல."

"ஆனா வண்டி வரும்."

"வரும். தங்கச்சியும் கூட ஏறுவாங்க." டாக்டர் அந்தத் தலையணையை எடுத்தார். பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். சிரங்குக்கு அதுதான் முறை. துவைக்க முடியாததைக் கட்டி வைத்தால் பூச்சி ஆள் தோல் இல்லாமல் சில நாளில் செத்துவிடும். கட்டின பையை அவர் முன்னால் அதே மெத்தைக்குப் பக்கத்தில் வைத்தார். "இத யாரும் அவுக்கக் கூடாது. நீங்களே வந்து அவுத்துக்கோங்க."

சவரி அண்ணன் ரொம்ப நேரம் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு சட்டை கேட்டார்.

கிளினிக்குக்குத் திரும்பியதும் அந்தத் துணுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வழக்கமாக ஒரு பூச்சியைக் கண்டுபிடிக்கவே தேட வேண்டும். அன்றைக்குக் கண்ணாடி முழுக்க அசைந்தது. முட்டை, குஞ்சு, தாய். நான் பார்த்ததிலேயே கூட்டமான ஊர் அது. எனக்கும் தொற்றிற்று. நானும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டேன். அம்மாவும் பூசிக்கொண்டு, "இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்" என்றார்.

சவரி அண்ணன் வார்டில் இருந்த நாட்களில் ஸ்டெல்லா அக்கா ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தார். மருந்து கேட்கவில்லை. ஏஞ்சலை முன்னால் நிறுத்தினார்.

"டாக்டர், நான் சொல்லலதான? என் வாயால சொல்லலதான?"

டாக்டர் எழுந்துவந்து அந்தப் பிள்ளையின் கையைக் குலுக்கினார். பிறகு சொன்னார்: "தலையணைய எண்ணுறது என் வேல. கேட்டது நான். நீங்க எண்ணிக்கதான் சொன்னீங்க." அக்கா அந்த வார்த்தையைத் தங்கமாக வாங்கிக்கொண்டு போனார்.

சவரி அண்ணன் திரும்பின நாளில் நானும் போயிருந்தேன். பட்டையெல்லாம் உதிர்ந்து, குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தார். பரிசோதனையில் அப்பாவின் நோய் இல்லை என்று உறுதியாகியிருந்தது. ஜாமு மாத்திரையை டாக்டர்கள் பார்த்துப் படிப்படியாக நிறுத்தியிருந்தார்கள். வண்டியிலிருந்து கைத்தடி ஊன்றி இறங்கினார். உச்சி வெயில். பாக்கியம் அக்கா மாடிப்படி அடியில் சாமான் பையோடு நின்றவர், பையைக் கீழே விட்டார். வெங்காயம் உருண்டோடியது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காலைப் பார்த்தார், தரையில் படுகிறதா என்று.

சவரி அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. நின்றார். தடியை என்னிடம் கொடுத்தார். ஒரு செருப்பைக் கழற்றி, அந்தக் கொதிக்கிற தார்த் தரையில் வெறுங்காலை முழுசாக வைத்தார்.

"பாத்துக்க பாக்கியம். படுது."

வைத்த காலை உடனே எடுக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் கோணிற்று.

"அய்யய்யோ," என்றார், கண்ணில் தண்ணீரோடு. "சுடுதுடா தம்பி. என்னமா சுடுது!"